வெடிபொருள் வேலைக்கு வருகிறவர் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கல்குவாரியிலோ சாலைக்காகப் பாறை உடைக்கும் இடத்திலோ புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், "வேட்டு வைக்க உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "முதலாளிகிட்ட இருக்கு சார்" என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை. முதலாளியிடம் ஒரு லைசென்ஸ் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வெடிபொருளை வாங்கி மேகஸினில், அதாவது வெடிபொருள் கிடங்கில், வைத்திருப்பதற்கான லைசென்ஸ். குழியில் மருந்து இறக்கி வெடிக்க வைக்கும் ஆளுக்கு அது குடை பிடிக்காது. அந்த ஆளின் பெயரில், அவருடைய புகைப்படத்தோடு, தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது மேகஸின் கணக்கு எழுதுபவனாக. அதனால் எனக்குப் பாறையைவிடக் காகிதம்தான் அதிகம் தெரியும். இந்தியாவில் இந்த வேலைக்கு வரும் புதியவர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்பதையும் ஓரளவு பார்த்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: நீங்கள் நிற்கும் இடம் சுரங்கமா, இல்லையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள். ஏனென்றால் சான்றிதழ் தரும் அலுவலகங்கள் இரண்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்பது நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது.

வெடிபொருளுக்கு அடிப்படைச் சட்டம் வெள்ளைக்காரர் காலத்து வெடிபொருள் சட்டம், 1884. அதன்கீழ் இப்போது நடப்பில் இருப்பவை வெடிபொருள் விதிகள், 2008. இவற்றை நடத்துவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தொழிலில் எல்லோரும் பெசோ என்றுதான் சொல்வார்கள். தலைமையிடம் நாக்பூர், சென்னையிலும் சிவகாசியிலும் அலுவலகங்கள் உண்டு. மேகஸின் லைசென்ஸ், வேன் லைசென்ஸ், தயாரிப்பு லைசென்ஸ் எல்லாம் இங்கிருந்துதான். இன்னொன்று சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், சுருக்கமாக டிஜிஎம்எஸ். அதன் தலைமையிடம் தன்பாத். சுரங்கத்துக்குள் யார் என்ன வேலை செய்யலாம், அதற்கு என்ன தகுதி என்பதெல்லாம் இவர்கள் பொறுப்பு.

சுரங்கத்துக்குள் வேட்டு வைப்பவர் டிஜிஎம்எஸ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சுரங்கம் அல்லாத இடத்தில், அதாவது சாலைக்கு மலையை வெட்டும்போது, ரயில் அல்லது மெட்ரோ சுரங்கப்பாதை குடையும்போது, அணைக்கு அடித்தளம் தோண்டும்போது, கிணறு வெட்டும்போது, பெசோ தரும் ஷாட்ஃபயரர் (வேட்டு வைப்பவர்) பெர்மிட் வேண்டும். மெட்ரோ சுரங்கப்பாதை பேரில்தான் சுரங்கம். கனிமம் எடுப்பதற்காகத் தோண்டவில்லை என்பதால் அது சுரங்கச் சட்டத்தில் வராது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இப்போது குவாரிக்கு வருவோம். "இது சின்னக் குவாரி சார், சுரங்கச் சட்டமெல்லாம் இதுக்குக் கிடையாது" என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். சுரங்கச் சட்டம், 1952-இல் 3-ஆவது பிரிவு சில சின்ன வேலைகளுக்கு விலக்கு தருகிறது. கட்டடக்கல், சாலை ஜல்லி, செம்புறைக்கல், மணல், களிமண் போன்றவற்றைத் திறந்தவெளியில் எடுப்பவர்களுக்கு அது பொருந்தும். நிபந்தனை மூன்று. ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் வேலைக்கு இருப்பவர்கள் 50 பேரைத் தாண்டக் கூடாது. மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: தோண்டும் வேலையில் வெடிபொருள் பயன்படுத்தக் கூடாது. ஒன்று தவறினாலும் விலக்கு போய்விடும்.

ஆக, வேட்டு வைக்கும் குவாரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விலக்குக்குள் வராது. பத்துப் பேர் வேலை செய்யும், நாலு மீட்டர் ஆழக் குவாரியாக இருக்கட்டும். வெடிபொருள் உள்ளே வந்த நாளிலிருந்து அது முழுச் சுரங்கம்தான், அங்கே வேட்டு வைப்பவருக்கு டிஜிஎம்எஸ் சான்றிதழ் வேண்டும். வேலை கேட்டுப் போகும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே அந்த இடம் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும்.

ஒரு குறிப்பு. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் உட்படப் பல தொழிலாளர் சட்டங்கள், 2020-இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டு, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒழுங்குமுறைகளும் படிவங்களும் இதையொட்டி மாறும் காலம் இது. விண்ணப்பிக்கும் வாரத்தில் டிஜிஎம்எஸ் இணையதளத்தில் உள்ள அறிவிப்பைப் படித்துவிட்டுப் படிவம் நிரப்புங்கள். தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய படிவத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது படி: எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்வது

நிலக்கரி அல்லாத சுரங்கங்களுக்கு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961 பொருந்தும். பெயரைப் பார்த்துவிட்டு "நம்மது இரும்போ செம்போ இல்லையே, வெறும் கருங்கல்தானே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருங்கல், கிரானைட், சுண்ணாம்புக்கல் எல்லாமே இதற்குள்தான். இதில் ஏணி மாதிரி வரிசையாகச் சான்றிதழ்கள் இருக்கின்றன: பிளாஸ்டர் (வேட்டு வைப்பவர்), மேட் (ஒரு பகுதியை மேற்பார்வை பார்ப்பவர்), ஃபோர்மேன், மேனேஜர். வேட்டு வைக்கும் பொறுப்பில் ஒருவரை நியமிக்க, இவற்றில் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும்.

புதியவர் பிளாஸ்டருக்குப் போவதா, மேட்டுக்குப் போவதா? என் அபிப்பிராயம், எழுதப் படிக்க நன்றாக வருமென்றால் மேட் சான்றிதழையே குறிவையுங்கள். அனுபவ காலம் கூடுதலாகக் கேட்பார்கள், படிக்க வேண்டியதும் அதிகம். ஆனால் மேட் வேட்டும் வைக்கலாம், ஒரு பகுதியை மேற்பார்வையும் பார்க்கலாம். பிளாஸ்டருக்கு வேட்டு மட்டும்தான். இடுப்பு வலி வந்த பிறகு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

சான்றிதழில் இன்னொரு பிரிவும் உண்டு. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லும் வரையறுக்கப்பட்ட சான்றிதழ் ஒன்று. நிலத்தடிக்கும் செல்லும் வரையறையற்ற சான்றிதழ் ஒன்று. திறந்தவெளிக் குவாரியில் மட்டுமே அனுபவம் உள்ளவருக்கு முதல் வகைதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நிலத்தடிச் சுரங்க வேலைக்கு விண்ணப்பித்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

நிலக்கரிப் பக்கம் போகிறவர்களுக்கு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், 2017. அங்கே சர்தார், ஓவர்மேன் என்று பெயர்கள் மாறும். எரிவாயு சோதனைச் சான்றிதழும் கூடவே வேண்டும். மீத்தேன் இருக்கும் இடத்தில் வேட்டு வைப்பது தனி வித்தை. கல்குவாரி அனுபவத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பட்டாசுத் தொழில் வேறு உலகம். அங்கே தொழிற்சாலையில் பொறுப்பான ஃபோர்மேனுக்குத் தகுதிச் சான்று கேட்கிறார்கள். அதை இந்தக் கட்டுரையில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "அது உரம்தானே" என்று சொல்லிக்கொண்டு மூட்டையைத் தூக்கும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன். 2012-இலிருந்து அதற்குத் தனி விதிகளும் தனி லைசென்ஸும் வந்துவிட்டன. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்தான். அதற்குப் பிறகு 2021-இல் நம் விதிகளும் இறுகின. மூட்டை வைத்திருக்கும் கிடங்கில் வேலை என்றால், லைசென்ஸ் எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது படி: சட்டமே கதவை மூடியிருக்கிறதா என்று பார்ப்பது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 18 வயது முடியாதவர் வெடிபொருளைத் தயாரிக்கவோ, வைத்திருக்கவோ, விற்கவோ, கொண்டுபோகவோ கூடாது. அது 1884 சட்டத்தின் 6ஏ பிரிவு. வன்முறை அல்லது ஒழுக்கக் கேடு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை கூடாது. நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்திருப்பவர், அந்தப் பிணைக் காலம் முடியும்வரை கூடாது. ஊர்ச் சண்டையில் எழுதிக் கொடுத்த பிணையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்தில் உறுதிமொழி கையெழுத்துப் போடும் முன் யோசித்துப் பாருங்கள்.

18 என்பது சட்டத்தின் வாசற்படி மட்டும்தான். தேர்வுக்கு உட்காரும் வயது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அது தேர்வு அறிவிப்பில் இருக்கும்.

நான்காவது படி: காகிதங்களைச் சேர்ப்பது

இங்கேதான் நேரம் போகும். தேர்வில் தோற்றவர்களைவிட, காகிதம் சரியில்லாமல் தேர்வு வரைக்கும் போகாதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயர். பள்ளிச் சான்றிதழில் 'க. முருகன்' என்று இருக்கும். ஆதாரில் 'முருகன் கருப்பையா' என்று இருக்கும். குவாரி வருகைப் பதிவேட்டில் 'கே. முருகன்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிமாநில அலுவலகத்தில் கோப்பைப் பிரிப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரை மாற்றுவதா, சான்றிதழை மாற்றுவதா என்றால், பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துவதுதான் எளிது.

அடுத்தது அனுபவக் கடிதம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு தம்பி மூன்று ஆண்டுகள் பிளாஸ்டருடன் கூடவே நின்று வேலை பழகினான். குழி ஆழம் பார்ப்பது, மருந்துக்கு மேல் மண் போட்டுக் கெட்டிப்பது, சங்கு ஊதுவது, ஆட்களை விரட்டுவது எல்லாம் அவன்தான். விண்ணப்பிக்கும் நேரத்தில் அலுவலகத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தோம். "மேற்படி நபர் எங்களிடம் ஹெல்பராக மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறார், நல்ல நடத்தை உள்ளவர்." அவ்வளவுதான். நான்தான் அடித்தேன். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஹெல்பர் என்றால் என்ன ஹெல்பர்? லாரிக்கா, கிரஷருக்கா, சமையலுக்கா? அந்தக் கடிதத்தில் வெடிபொருள் என்ற வார்த்தையே இல்லை. என் சோம்பலுக்கு அவன் அடுத்த தேர்வுவரை காத்திருந்தான்.

திருத்திய கடிதத்தில் என்ன எழுதினோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். சுரங்கத்தின் பெயர், இருப்பிடம், திறந்தவெளியா நிலத்தடியா, என்ன கனிமம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. நாள்தோறும் செய்த வேலை என்ன: துளையிடுதல், மருந்து நிரப்ப உதவுதல், கெட்டித்தல், ஆபத்து மண்டலத்தில் காவல் நிற்றல். எந்த வகை வெடிபொருள், எந்த வகைக் கேப், அதாவது மருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர். யாருடைய மேற்பார்வையில், அவருடைய சான்றிதழ் எண் என்ன. கடைசியில் மேனேஜரின் கையெழுத்து, அவருடைய சான்றிதழ் எண், முத்திரை. பெசோ பெர்மிட் என்றால் இவற்றோடு, நீங்கள் யாரிடம் வேலை செய்தீர்களோ அவருடைய மேகஸின் லைசென்ஸ் எண்ணையும் சேருங்கள். எல்இ-3 என்று தொடங்கும் லைசென்ஸ் அது.

கடிதத்தில் சொன்னது வருகைப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால், மூன்று ஆண்டு உழைப்பும் காகிதத்தில் பூஜ்யம்தான். கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத இடங்கள் இருக்கின்றன. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை. பின்னால் வரப்போகும் சான்றிதழின் விதை அந்த ஒரு வரிதான்.

மருத்துவச் சான்று. சுரங்க வேலையில் சேரும்போதே ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதன்பின் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. காது, கண், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நுரையீரலில் மெதுவாகத்தான் தெரியும் என்பதால், முதல் எக்ஸ்ரேயின் நகலை நீங்களும் வைத்திருங்கள். பின்னாளில் ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.

முதலுதவிச் சான்றிதழ். டிஜிஎம்எஸ் தேர்வுகளுக்கு இது கேட்பார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நடத்தும் வகுப்பில் சேர்ந்து வாங்கலாம். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள், வகுப்பு எப்போதும் நடப்பதில்லை.

தொழிற்பயிற்சிச் சான்று. சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், 1966-இன்படி புதியவரை வேலையில் இறக்கும் முன் பயிற்சி கொடுக்க வேண்டும். "நேரா வேலையில இறங்கு, பார்த்துப் பார்த்துக் கத்துக்கலாம்" என்றால், பயிற்சி எங்கே, எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

இவற்றோடு கல்விச் சான்று, வயதுச் சான்று, புகைப்படங்கள். கட்டணத்தை அரசு இணையதளத்தில் மட்டும் செலுத்துங்கள். "தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் கண்டிப்பாக வருவார். அந்தச் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பது விபத்து நடந்த மறுநாள்தான் தெரியும்.

ஐந்தாவது படி: தேர்வு

பெசோ பெர்மிட்டுக்கு அதிகாரி முன் உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். டிஜிஎம்எஸ் தேர்வு முறை சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறும். எங்கே போனாலும் கேள்வியின் குறி ஒன்றுதான்: இந்த ஆளை நம்பி வெடிபொருளைக் கொடுக்கலாமா?

அனுபவசாலிகள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கை சரியாகச் செய்யும். வாய், பழைய ஆட்கள் செய்ததைச் சொல்லிவிடும். உதாரணத்துக்கு, திரியைக் கேப்புக்குள் செருகியபின் அதை எப்படி இறுக்குவீர்கள் என்று கேட்டால், கிரிம்பர் கருவியால் என்று சொல்ல வேண்டும். ஒருவர் சிரித்துக்கொண்டே "எங்க அண்ணன் பல்லால கடிப்பார் சார்" என்றார். அறையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. கேப்பின் உள்ளே இருப்பது லேசான அழுத்தத்துக்கே வெடிக்கும் பொருள். அதை வாயில் வைக்கும் பழக்கத்தைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வழக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும் விஷயங்கள் இவை. வெடிபொருளில் எட்டு வகுப்பு இருக்கிறது; முதல் வகுப்பு கருமருந்து, ஏழாவது பட்டாசு, கேப்பும் திரியும் ஆறாவது வகுப்பில். இந்த எட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிடுங்கள், தப்பவே முடியாது. கெட்டிக்கும் குச்சி மரமாக இருக்க வேண்டும், இரும்புக் கம்பி கூடாது. தோட்டாவையும் (குச்சி மாதிரி உறையில் அடைத்த மருந்து) கேப்பையும் ஒரே பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. சுரங்கத்தில் ஒரு பெட்டியில் 5 கிலோவுக்கு மேல் மருந்து கொண்டுபோகக் கூடாது, ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். கேப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும், அது பிளாஸ்டரிடம்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், வெடிக்காத குழி. இதைக் கேட்காத தேர்வு கிடையாது. திரி வைத்த குழி வெடிக்கவில்லையென்றால் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. குழியைக் குடைந்து மருந்தை வெளியே எடுக்கப் பார்க்கக் கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக வேறு குழி போட்டுத்தான் அதைத் தீர்க்க வேண்டும். பழைய குழியின் அடிப்பாகத்தில் திரும்பவும் துளையிடக் கூடாது. அங்கே மிச்ச மருந்து ஒட்டியிருக்கும். "ஏன்?" என்று அடுத்த கேள்வி வரும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார்.

பழைய குறிப்பேட்டை வைத்துப் படிக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நைட்ரோகிளிசரின் கலந்த வெடிபொருள் தயாரிப்பு 2004 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு வாய்ப்பழக்கத்தில் 'ஜெலட்டின் குச்சி' என்று நாம் சொல்வது ஸ்லரி அல்லது எமல்ஷன் தோட்டா. அதே மாதிரி மின்சார டெட்டனேட்டரும் 2025 ஏப்ரல் 1 முதல் தடை. எக்ஸ்புளோடரும் (கேப்புக்கு மின்சாரம் அனுப்பும் கருவி) ஒயரும் வைத்து விளக்கும் பக்கங்களைத் தாண்டி, ஷாக் டியூப் வகையையும் எலக்ட்ரானிக் டெட்டனேட்டரையும் படியுங்கள். இந்த மாற்றம் தெரியாமல் பதில் சொன்னால், நீங்கள் சமீபத்தில் களத்தில் நிற்கவே இல்லை என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வேன் ஓட்டுபவருக்கு

வெடிபொருள் வேனுக்குப் பெசோ தரும் எல்இ-7 லைசென்ஸ் வேண்டும், அது வண்டிக்கு. ஓட்டுநருக்கு வேண்டியது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 9-ஆவது விதிப்படி ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான பயிற்சியை முடித்து, ஓட்டுநர் உரிமத்தில் அதற்கான பதிவைப் போட்டுக்கொள்ள வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. முன்பு அந்தப் பதிவு ஓராண்டுதான் செல்லும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபின் மூன்றாண்டு. கனரக உரிமம் இருபது ஆண்டுகளாக இருக்கிறது என்பது இங்கே செல்லாது. புதுப்பிக்கும்போது பயிற்சியும் திரும்ப எடுக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

கையில் வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, வரையறை, செல்லுபடியாகும் காலம் நான்கையும் அங்கேயே படியுங்கள். பிழையை அன்றைக்கே சொன்னால் திருத்துவது எளிது. மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு, நகலை மேகஸினிலும் சுரங்க அலுவலகத்திலும் கொடுங்கள். "ஒரிஜினல் என்கிட்ட இருக்கட்டும்" என்று முதலாளி கேட்டால் கொடுக்காதீர்கள். வேறு வேலைக்குப் போகும்போது அதைத் திரும்ப வாங்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

சான்றிதழ் மட்டும் போதாது, எழுத்து மூலமான நியமனமும் வேண்டும். இன்ன சுரங்கத்தில், இன்ன தேதி முதல் நீங்கள் பிளாஸ்டர் என்று மேனேஜர் கையெழுத்திட்ட உத்தரவு. அதில் சம்பளம் எப்படி என்று பாருங்கள். உடைத்த கல்லின் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரைச் சுரங்கத்தில் பிளாஸ்டராக நியமிக்கக் கூடாது என்பது விதி. காரணம் வெளிப்படை. டன் கூடக் கூடப் பணம் என்றால் குழியில் இறங்கும் மருந்தும் கூடும். மாதச் சம்பளமோ நாள் சம்பளமோ கேட்டு வாங்குங்கள்.

பிறகு கணக்கு. மேகஸினிலிருந்து வாங்கியது, செலவானது, திரும்பக் கொடுத்தது மூன்றும் அன்றன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். நான் கணக்கு எழுதத் தொடங்கிய மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம் 24 கேப் திரும்பி வர வேண்டிய இடத்தில் 23 வந்தது. இருட்டும்வரை எண்ணினோம். பெட்டியைக் கவிழ்த்து எண்ணினோம், ஆட்களின் பையைப் பார்த்தோம், குழிகளைத் திரும்பவும் போய் எண்ணினோம். கடைசியில் பார்த்தால் ஒரு குழி கூடுதலாக வெடித்திருந்தது. பிளாஸ்டர் சீட்டில் எழுத மறந்திருந்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையிலேயே ஒன்று காணாமல் போயிருந்தால், மறைக்காமல் உடனே காவல் நிலையத்துக்கும் பெசோவுக்கும் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்தாலும் அப்படித்தான். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் இனி நீங்கள். எண்ணிப் பார்க்காமல் போடாதீர்கள், மேனேஜர் அவசரப்படுத்தினாலும்.

லைசென்ஸ் இல்லாமல் வெடிபொருளை வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ 1884 சட்டத்தின் 9பி பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. தயாரித்தால் மூன்றாண்டு வரை. அதோடு நிற்காமல் வெடிபொருட்கள் சட்டம், 1908-ஐயும் சேர்த்து வழக்குப் போட்டால் கதை பெரிதாகிவிடும். வீட்டுக் கிணற்றுக்கு என்று நாலு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போவதும் இதில்தான் வரும்.

புதுப்பிக்கும் தேதியைச் செல்போனில் ஆறு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். பெர்மிட் காலாவதியான மறுநாள் வைக்கும் வேட்டு, பெர்மிட் இல்லாதவர் வைத்த வேட்டுதான். மருத்துவப் பரிசோதனை ஒருபக்கம், முதலுதவிச் சான்று ஒருபக்கம், சான்றிதழ் ஒருபக்கம் என்று தேதிகள் வெவ்வேறாக வரும். நான் செய்வது, மூன்று தேதியையும் ஒரு சீட்டில் எழுதி மேகஸின் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவது. தினமும் பூட்டைத் திறக்கும்போது கண்ணில் படும்.